டெங்கு வரைபடத்தின் கடைசி இரண்டு வாரத்தை நம்பாதீர்கள்

கேள்வி: வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். எங்கள் பகுதி டெங்கு வரைபடத்தில் வாரத்துக்கு 60, 42, 24 என்று எண்ணிக்கை இறங்கிவிட்டது. புகை அடிக்கும் கான்ட்ராக்டர் அதைக் காட்டி, இன்னும் மூன்று மாத ஒப்பந்தம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய தேதிப்படி வரைந்த படத்தின் வால், அதாவது கடைசி வாரங்கள், பெரும்பாலும் இறங்கித்தான் தெரியும். காய்ச்சல்காரர் இரண்டு மூன்று நாள் பாராசிட்டமாலோடு வீட்டில் கிடப்பார். அப்புறம் டாக்டர், ரத்தம், டெங்குவை உறுதி செய்யும் எலைசா சோதனை. அந்தச் சோதனைக்கான தட்டில் ரத்த மாதிரிகளை இட 96 குழிகள். ஓரளவு நிறையட்டும் என்று லேப்பில் காத்திருப்பதும் உண்டு. பிறகுதான் பதிவு. அதனால் கடைசி வாரங்களில் காய்ச்சல் வந்தவர்கள் பலர் இன்னும் படத்தில் ஏறியிருக்க மாட்டார்கள்.

அந்த வாரங்களில் பதிவு எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 40 பேர் அந்த வாரக் கடைசிக்குள்ளும், 70 பேர் அடுத்த வாரத்துக்குள்ளும், எல்லோரும் மூன்றாம் வாரத்துக்குள்ளும் பதிவாகிறார்கள் என்று வைப்போம். 24-ஐ 0.4-ஆல் வகுத்தால் 60. 42-ஐ 0.7-ஆல் வகுத்தாலும் 60. குறையவே இல்லை! கடைசி 60 என்பது 45-ஆகவும் இருக்கலாம், 80-ஆகவும் இருக்கலாம். ஒற்றை எண்ணைச் சொல்லி அடித்துப் பேசுபவரை நம்பாதீர்கள்.

இந்தக் கணக்கு கவிழும் இடம் ஒன்று உண்டு: தேங்கிய பழைய பதிவுகளை ஒரே நாளில் கொட்டுவது. 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்களை மாநிலக் கணக்கில் ஒரேயடியாகச் சேர்த்தார்கள். அறிவித்த தேதிப்படி வரைந்தால் அன்று மரணம் வானளவு எகிறும். இறந்த தேதிப்படி பிரித்தால் அதெல்லாம் முந்தைய மாதங்களுக்குப் போய்விடும். இப்படி வந்த குவியலைத் தாமதக் கணக்கில் கலந்தால் விகிதமே கெட்டு, அடுத்தடுத்த வாரங்களை அநியாயத்துக்கு ஊதிக் காட்டும். அதைத் தனியே எடுத்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறிடத்தில். பழைய எண்ணைத் திருத்துகிறவர்கள், போன வாரம் என்ன போட்டிருந்தோம் என்பதையும் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அது இல்லாமல் தாமதத்தை எப்படி அளப்பது? ஆகவே நீங்களே வாரம் ஒருமுறை படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகி வந்துவிடும். வரைபடத்தின் வாலைத் தன் சாதனையாகக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. இதே இரண்டு வாரங்களின் எண்ணை மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம்.