லாக் போட்டும் ரெஜிஸ்டர் தப்பாக வருகிறதே?

கேள்வி: லினக்ஸில் ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவர் எழுதுகிறேன். சிப்பின் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) நான்கு பேங்குகளாக, அதாவது தொகுதிகளாக, இருக்கின்றன. டிராஃபிக் அதிகமாக ஓடும்போது ஈத்டூலில் (கார்டின் விவரம் காட்டும் கட்டளை) புள்ளிவிவரம் கேட்டால் எப்போதாவது அபத்தமான எண் வருகிறது. சில சமயம் லிங்க்கே போய்விடுகிறது. ஸ்பின்லாக் (ஒருவர் விடும்வரை மற்றவர் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) போட்டிருக்கிறேன். இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் (கார்டு குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) போட்டால் மெஷின் உறைந்துவிடுவதால் அங்கே மட்டும் எடுத்துவிட்டேன். கார்டில் கோளாறா?

பதில்: கார்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹேண்ட்லரில் லாக்கை எடுத்துவிட்டேன் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

பேங்க் முறையில் ஒரே ஆஃப்செட்டில் (முகவரியில்) நான்கு வெவ்வேறு ரெஜிஸ்டர்கள். உங்கள் புள்ளிவிவர ஃபங்ஷன் பேங்க் 2-ஐத் தேர்ந்தெடுக்கிறது. படிப்பதற்குள் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் பேங்க் 0-க்கு மாற்றிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் நீங்கள் படிப்பது பேங்க் 0-ல் இருப்பதை. படித்தால் தப்பான எண்ணோடு போயிற்று. எழுதினால் சம்பந்தமே இல்லாத ரெஜிஸ்டர் கெடும். லிங்க் போவதற்கும் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். என்இ2000 என்ற பழைய நெட்வொர்க் கார்டுகளின் 8390 சிப் காலத்திலிருந்தே இருக்கும் தொல்லை இது. அதில் கமாண்ட் ரெஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்டுகள் பக்கத்தை, அதாவது பேங்கை, தீர்மானிக்கும்.

சரி, மெஷின் ஏன் உறைந்தது? லாக்கைப் பிடித்திருக்கும் அதே சிபியூவில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லாக்கை விட வேண்டிய ஃபங்ஷனுக்கோ ஓட வழியில்லை. ஆகவே ஈத்டூல் பக்கம் ஐஆர்க்யூசேவ் வகை (அந்த சிபியூவில் இன்டரப்ட்டையும் மூடி வைக்கும்) ஸ்பின்லாக், ஹேண்ட்லரில் சாதாரண ஸ்பின்லாக். பேங்க் தேர்வும் படிப்பும் ஒரே பிடிக்குள் முடிய வேண்டும். நடுவில் விட்டுப் பிடித்தால் பழைய கதைதான்.

மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ரெஜிஸ்டரைப் படித்ததும் பேங்க் எண்ணையும் திரும்பப் படித்து, மாறியிருந்தால் டிரேஸ் பிரிண்ட்கேயில் (கெர்னலின் வேகமான பதிவு முறை) பதியுங்கள். சாதாரண பிரிண்ட்கே நேரத்தை இழுத்து, பிழையையே ஒளித்துவிடும். கெர்னலில் லாக்டெப்பை (லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வசதி) இயக்கியிருந்தால், மெஷின் உறையுமுன்பே எச்சரித்திருக்கும்.

எம்டிஐஓவை (கேபிள் பக்கத்து பிஹெச்ஒய் சிப்போடு பேசும் மெதுவான வழி) இதோடு குழப்பாதீர்கள். 64 பிட், 2.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 25.6 மைக்ரோவினாடி, அவ்வளவு நேரம் இன்டரப்ட்டை மூடி வைப்பது அநியாயம். முழு ஃபிரேமுக்கு ஒரு மியூடெக்ஸ் (தூங்கிக் காத்திருக்க விடும் பூட்டு), உள்ளே ஒவ்வொரு ரெஜிஸ்டர் தொடுதலுக்கும் பேங்க் தேர்வோடு ஸ்பின்லாக்.

ஈத்டூலின் ரெஜிஸ்டர் டம்ப்பையும் (எல்லா ரெஜிஸ்டரையும் படித்துக் காட்டுவது) பாருங்கள். இன்டரப்ட் நிலை ரெஜிஸ்டர் படித்தாலே அழியும் ரகம் என்றால், அதை டம்ப்பில் சேர்க்காதீர்கள். எந்த லாக்கும் அந்த இன்டரப்ட்டை மீட்டுத் தராது.