ஒரு பொத்தான் கெட்டால் பாதி லேப்டாப்: ஆப்பிள் குறித்த கேள்விகளும் பதில்களும்

லேப்டாப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. "ஆப்பிள் லேப்டாப் நன்றாக உழைக்கும், கெட்டுவிட்டால் கை வைக்க இடம் கொடுக்காது" என்று போகிற போக்கில் நான் சொன்னதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவர், சேலம்: அண்ணா, ஒரு பொத்தான் வேலை செய்யாததற்காக லேப்டாப்பின் மேல்பாகத்தையே மாற்றினார்கள் என்று படித்தேன். உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மைதான் தம்பி. 2015இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃபிளை' என்ற கீபோர்டை ஆப்பிள் கொண்டுவந்தது. இயந்திரத்தை மெலிதாக்குவதற்காகப் பொத்தான் கீழிறங்கும் தூரத்தைக் குறைத்தார்கள். அந்த இடுக்கில் ஒரு தூசி போய் உட்கார்ந்தால் போதும். எழுத்து விழாது, அல்லது ஒருமுறை தட்டினால் இரண்டு முறை விழும். அதற்கு ஆப்பிளின் உதவிப் பக்கம் சொன்ன வைத்தியம் இது: லேப்டாப்பை 75 பாகை சாய்த்துப் பிடித்து, காற்றுக் குப்பியால் இடமிருந்து வலமாக ஊத வேண்டும், பிறகு பக்கவாட்டில் திருப்பி மறுபடியும் ஊத வேண்டும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிற பக்குவம்தான்.

ஊதியும் சரியாகவில்லை என்றால்? கீபோர்டை மேல்மூடியோடு ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். அதே மூடியின் உள்பக்கத்தில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆகவே கீபோர்டை மாற்ற வேண்டுமானால் அலுமினிய மூடியும் நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியும் சேர்ந்தே வெளியே போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது பழுது அல்ல; பழுது எல்லோருக்கும் வரும். 2018 மாடலில் பொத்தான்களுக்கு அடியில் மெல்லிய சிலிகோன் சவ்வு ஒன்றை வைத்தார்கள். வாங்குபவர்களிடம் சொன்ன காரணம், தட்டும் சத்தம் குறையும் என்பது. பழுதுபார்ப்பவர்களுக்கான உள் ஆவணத்தில் இருந்த காரணமோ, தூசி உள்ளே போகாமல் தடுக்க என்பது. அதே 2018 ஜூனில் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில், பட்டர்ஃபிளைக்கு முன்பிருந்த 'கத்தரிக்கோல்' வகைக் கீபோர்டுக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கை 2022இல் 5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே. இரண்டு முறையோ அதற்கு மேலோ மேல்பாகத்தை மாற்றியவர்களுக்கு அதிகபட்சமாக 395 டாலர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: தொடக்கத்திலிருந்தே அவர்கள் இப்படித்தானா?

இல்லை ஐயா. 2012 ஜூனில் ஒரே மேடையில் இரண்டு வகை மேக்புக் ப்ரோவை வெளியிட்டார்கள். ஒன்று பழைய உடம்பு: சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்கலாம், ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் நாமே மாற்றலாம். மற்றொன்று ரெட்டினா திரை வைத்தது: ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள், பேட்டரியை ஒட்டியிருந்தார்கள், அடிமூடியில் ஐந்து இதழ்ப் பூப்போலத் தலை கொண்ட பென்டலோப் ஸ்க்ரூக்கள். பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் ரெட்டினாவுக்குக் கொடுத்தது 10க்கு 1. அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளிக்கூடம். அண்ணன் தேறிவிட்டான், தம்பி தோற்றான். அடுத்து வந்தவை எல்லாம் தம்பியின் வழியில்தான் போயின.

அதற்கு அடுத்த மாதம் நடந்தது இன்னும் சுவாரசியம். சுற்றுச்சூழலுக்கு உகந்த கணினிகளைப் பட்டியலிடும் ஈபீட் என்ற பதிவேட்டிலிருந்து தன் கணினிகளை ஆப்பிள் விலக்கிக்கொண்டது. எளிதில் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப முடிய வேண்டும் என்பது அந்தப் பதிவேட்டின் அளவுகோல்களில் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் இனி மேக் வாங்க மாட்டோம் என்றது. சில நாட்களிலேயே, ஜூலை 13 அன்று, பாப் மேன்ஸ்ஃபீல்டு என்ற மூத்த நிர்வாகி, விலகியது தவறு என்று கடிதம் வெளியிட்டார்; ஆப்பிள் பதிவேட்டுக்குத் திரும்பியது. திரும்பியதும் பிரிக்கவே வராத அந்த ரெட்டினாவும் பட்டியலில் ஏறியது, தங்கத் தரத்தில்! பெட்டியின் மேல் பச்சை இலைச் சின்னத்தைப் பார்த்தவுடன் நம்பிவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது அதனால்தான்.

மென்பொருள் பொறியாளர், பெங்களூரு: 8 ஜிபி ரேம் மற்றவற்றின் 16 ஜிபிக்குச் சமம் என்றார்களே?

2023 நவம்பரில் ஆப்பிளின் சந்தைப்படுத்தல் பிரிவு நிர்வாகி பாப் போர்ச்சர்ஸ் ஒரு நேர்காணலில் அந்தப் பொருள்படப் பேசினார். பாதி உண்மை. ரேமைப் பிராசஸருக்கு ஒட்டினாற்போல வைப்பதால் தகவல் மிக வேகமாகப் போய்வருகிறது; இடம் போதாதபோது எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்க்கின் இடத்துக்கு வந்த சேமிப்புப் பாகம்) தற்காலிக ரேமாக மாற்றிக்கொள்வதும் வேகமாக நடக்கிறது. ஆனால் அரைப்படிப் பாத்திரத்தில் ஒரு படி அரிசி கொள்ளாது. பெரிய வீடியோவைத் திறந்தால் 8 ஜிபி 8 ஜிபிதான். அமெரிக்காவில் கூடுதல் 8 ஜிபிக்கு 200 டாலர் வாங்கினார்கள். பிறகு நாமே சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. 2024 அக்டோபரில் ஆரம்ப மாடலையே 16 ஜிபி ஆக்கிவிட்டார்கள். சமம் என்றால் எதற்கு ஆக்க வேண்டும்?

ரேமை ஒட்டுவதற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது. அதை நான் குறை சொல்வதில்லை. எஸ்எஸ்டிக்கு அந்தச் சாக்கு செல்லாது. 2022இல் வந்த மேக் ஸ்டூடியோ என்ற மேசைக் கணினியில் அவர்களே கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பில் மட்டும் போர்டோடு சேர்த்துவிடுகிறார்கள். போர்டு செத்தால் உங்கள் புகைப்படங்களும் அதோடு போய்விடும்.

இல்லத்தரசி, மதுரை: காபி சிந்திய லேப்டாப்பை (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) அதன் சேவை மையத்தில் கொடுத்தேன். மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குவதே நல்லது என்கிறார்கள். நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம் அம்மா. எந்த நிறுவனத்தின் சேவை மையமாக இருந்தாலும் அங்கே போர்டின் மீதிருக்கும் பாகங்களைப் பெரும்பாலும் பழுதுபார்ப்பதில்லை, போர்டையே மாற்றுவார்கள். போர்டில் வெகு சிறிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும், ஈரம் பட்டால் சிவப்பாகும். சிவந்துவிட்டால் அவர்கள் மேற்கொண்டு பார்ப்பது அரிது.

கனடாவின் சிபிசி தொலைக்காட்சி 2018இல் ரகசியக் கேமராவோடு ஒரு மேக்புக் ப்ரோவை ஆப்பிள் கடைக்கு எடுத்துப் போனது. திரை வெளிச்சம் வரவில்லை என்பது கோளாறு. பட்டை சிவந்திருக்கிறது, பாகங்களை மாற்ற வேண்டும், 1,200 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். அதே லேப்டாப்பை நியூயார்க்கில் கடை வைத்திருக்கும் லூயிஸ் ராஸ்மன் திறந்து பார்த்தார். திரைக் கேபிளின் முனையில் ஒரு பின் வளைந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு மாட்டினார், விளக்கு எரிந்தது.

எல்லாமே இப்படி ஒரு பின்னில் முடியும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் மைக்ரோஸ்கோப் வைத்து போர்டில் வேலை செய்பவர் யாராவது இருந்தால் காட்டுங்கள். அதுவரை அதை ஆன் செய்யாதீர்கள், சார்ஜரில் போடாதீர்கள். அரிசியில் புதைப்பதால் பயனில்லை; காபியில் உள்ள சர்க்கரையும் பாலும் உள்ளேயே காய்ந்து பிசுபிசுக்கும்.

பெயர் குறிப்பிடாதவர்: 'ஃபிளெக்ஸ்கேட்' என்றால் என்ன?

2016 மேக்புக் ப்ரோவில் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள், மூடித் திறக்க மூடித் திறக்கத் தேய்ந்தது. திரையின் அடியில் நாடக மேடை விளக்குப் போலத் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழும். பிறகு அதுவும் அணைந்துவிடும். கேபிள் திரையோடு ஒன்றாக இருந்ததால் திரையையே மாற்ற வேண்டியிருந்தது. 2018 மாடலில் கேபிளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள், ஓசையில்லாமல். 2019 மேயில் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தார்கள். 15 அங்குலக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கடை வைத்திருப்பவர், திருநெல்வேலி: இப்போது உதிரிபாகங்களை ஆப்பிளே விற்கிறதே சார். இன்னும் ஏன் திட்டுகிறீர்கள்?

விற்பது நல்லதுதான், வரவேற்கிறேன். 2022 ஆகஸ்டில் எம்1 சிப் வைத்த லேப்டாப்களுக்கான பாகங்களையும் கையேடுகளையும் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஆனால் 14 அங்குல ப்ரோவுக்குப் பேட்டரி தேவை என்றால் அன்று கிடைத்தது, கீபோர்டோடு சேர்ந்த முழு மேல்பாகம். சட்டத்தின் நெருக்கடியும் அவர்களைக் கொடுக்க வைத்தது என்பதை மறக்கக் கூடாது. கலிபோர்னியாவின் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருளுக்கு 7 ஆண்டுகள் பாகமும் கையேடும் தர வேண்டும். அதுபோன்ற சட்டங்களைப் பல ஆண்டுகள் எதிர்த்த ஆப்பிள், 2023 ஆகஸ்டில் அந்த மசோதாவை ஆதரித்துக் கடிதம் எழுதியது. காற்றின் திசையைப் பார்த்துத் தூற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

அதே திருநெல்வேலிக்காரர்: மற்ற கம்பெனிகள் யோக்கியமா?

இல்லை. 2017இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு ஐஃபிக்ஸிட் போட்டது 10க்கு 0. கிழிக்காமல் திறக்கவே முடியாது. ஆனால் 2024 மாடலுக்கு 8 வாங்கினார்கள். மெலிதாகவும் செய்யலாம், திறக்கும்படியும் செய்யலாம் என்பது அதில் தெரிகிறது. ஃபிரேம்வொர்க் என்ற சிறு நிறுவனம் 2021இல் முதல் லேப்டாப்பிலேயே 10 வாங்கியது.

செவிலியர், கோவை: பழைய மேக்புக் வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம். விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் கணக்கிலிருந்து அதை விடுவிக்கட்டும். அப்படி விடுவிக்காமல் 'ஆக்டிவேஷன் லாக்' என்ற பூட்டு விழுந்த மேக்புக்கை நான் உட்பட எவரிடம் கொண்டுவந்தாலும் பயனில்லை.

கல்லூரி மாணவர், சேலம்: கடைசியாக ஒன்று. நீங்கள் வைத்திருப்பது எந்த லேப்டாப்?

சிரிக்கக் கூடாது. மேலே சொன்ன அந்த 2012 அண்ணன்தான், 13 அங்குலம். அடியில் பத்து ஸ்க்ரூ. அவற்றில் மூன்று நீளம், ஏழு குட்டை. மாற்றி மாட்டினால் மூடி சரியாக உட்காராது, அதனால் கழற்றும்போதே காகிதத்தில் வரிசையாக வைத்துக்கொள்வேன். ரேமை 16 ஜிபி ஆக்கியிருக்கிறேன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன், இது மூன்றாவது பேட்டரி. ஆப்பிளின் புதிய மென்பொருள் இதில் ஏறாது, லினக்ஸ் ஓடுகிறது. விசிறி கொஞ்ச நாளாகக் கரகரக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்க வேண்டும்.