கடலோர வீட்டுக்கு அலுமினிய ஜன்னல்: எந்தப் பூச்சு தாங்கும்?

கேள்வி: தூத்துக்குடியில் கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் வீடு கட்டி வருகிறோம். துருப்பிடிக்காது என்பதால் அலுமினிய ஜன்னல்களை முடிவு செய்திருந்தோம். ஆனால், பக்கத்து வீட்டில் நான்கே ஆண்டுகளில் சட்டங்களின் மூலைகளில் பவுடர் கோட்டிங் எனும் வண்ணப் பூச்சு கொப்புளித்து, உள்ளிருந்து வெள்ளை மாவு போல உதிர்கிறது. நாங்கள் பவுடர் கோட்டிங் வாங்குவதா, அனோடைசிங் வாங்குவதா?

பதில்: அலுமினியம் செந்துரு பிடிப்பதில்லை, ஆனால், அரிப்புக்கு ஆளாகாத உலோகமும் அன்று. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானாக உண்டாகும் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தப் படலத்தை உப்புக்காற்றின் குளோரைடு ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. அங்கே அரிபடும் உலோகமே வெள்ளை மாவாக உதிர்கிறது.

பக்கத்து வீட்டில் மூலைகளில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பவுடர் பூசிய நீளக் கம்பிகளைப் பிறகுதான் 45 டிகிரியில் அறுத்துச் சேர்க்கிறார்கள். அறுத்த முகத்தில் வெறும் உலோகம் நிற்கிறது. பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மேல்பரப்பை அரித்தெடுத்து, குரோமேட் அல்லது அதற்கு ஈடான ரசாயனப் படலம் ஏற்றும் முன்சிகிச்சையில் குறை இருந்தால், அந்த முகத்தின் வழியே உப்பு ஈரம் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போலப் பரவும். பூச்சின் தடிமன் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கொட்டேஷனில் எழுதித் தருபவர்கள் இந்த வேலையைப் பற்றி எழுதுவதே இல்லை. வாங்குபவர் வற்புறுத்திக் கேட்க வேண்டியது இதைத்தான்.

அனோடைசிங் மேலே பூசுவது அன்று. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, உலோகத்திலிருந்தே ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக வளர்ப்பது. ஆகவே பூச்சு போல அது உரியாது. அறுத்த முகத்திலிருந்து அரிப்பு அடியில் ஊர்ந்து செல்லவும் வழியில்லை. உங்கள் இடத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். 25 மைக்ரான் தடிமன் கேளுங்கள், ஐ.எஸ். 1868 என்ற இந்தியத் தர விதியில் அதன் பெயர் ஏ.சி. 25. வளர்ந்த படலத்தின் நுண்துளைகளைக் கொதிநீரில் அடைக்கும் 'சீலிங்' சரியாக நடந்திருக்க வேண்டும். மாதிரித் துண்டின்மேல் ஒரு சொட்டுப் பேனா மை விட்டு, சில நிமிடங்கள் கழித்துக் கழுவித் துடைத்துப் பாருங்கள். கறை அழுந்தப் பதிந்திருந்தால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.

நல்ல சட்டத்தையும் மலிவான ஸ்குரூ கெடுத்துவிடும். பித்தளை ஸ்குரூ கூடவே கூடாது. ஈரம் பட்டால் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வேகமாக அரிபடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவும் நைலான் வாஷரும் போடச் சொல்லுங்கள். உப்பை அவ்வளவாகத் தாங்காத 304 ரகத்தையும் 316 ரகத்தையும் காந்தத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதால் பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அந்த ஆசிட்டும் ஈரச் சிமெண்டும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும் என்பதால், அந்த வேலைகள் முடியும்வரை சட்டங்களின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பிரிக்க விடாதீர்கள். குடியேறிய பிறகு, சன்ஷேடுக்கு அடியில் மழை படாத ஜன்னல்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழை கழுவாத இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது.