முதலில் அளவு டேப், பிறகு புரொஜெக்டர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். குறுகிய சுவரில் 120 அங்குலத் திரை போட ஆசை. எந்த புரொஜெக்டர் வாங்கலாம்?

பதில்: 120 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 16:9 (அகலம்:உயரம்) திரையில் அதன் அகலம் மட்டும் 266 செ.மீ. உங்கள் சுவரில் இருபுறமும் 17 செ.மீ.தான் மிஞ்சும், ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது. 100 அங்குலத்துக்கு இறங்கிவிடுங்கள். அகலம் 221, உயரம் 125 செ.மீ. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பார்வையில் சுமார் 40 டிகிரியைத் திரை நிறைக்கும். படம் பார்க்க அது தாராளம்.

இனி த்ரோ ரேஷியோ. லென்ஸிலிருந்து திரை வரை உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. கருவியின் நீளத்துக்கு 30 செ.மீ., பின்னால் கேபிளுக்கும் காற்றோட்டத்துக்கும் 30 செ.மீ. கழித்தால் உங்களுக்குக் கிடைக்கும் தூரம் 340 செ.மீ. அதை 221-ஆல் வகுத்தால் 1.54; கருவியின் குறைந்தபட்ச எண் இதைத் தாண்டக் கூடாது. விவரக்குறிப்பில் 1.2–1.5 என்று போட்டிருக்கும் கருவி 265-லிருந்து 332 செ.மீ.க்குள் எங்கே இருந்தாலும் திரையை நிரப்பும். அது உங்களுக்குச் சரி. 1.9-இல் தொடங்கும் லென்ஸ் என்றால், பின்சுவரை ஒட்டி மாட்டினாலும் படம் 81 அங்குலத்தைத் தாண்டாது. எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. அதனால்தான் வெளிச்சம், 4கே எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த எண்ணைப் பார்க்கச் சொல்கிறோம்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் கருவியை அசைக்காமலே படத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். இல்லாத கருவியில் லென்ஸுக்கும் படத்தின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறாது. கையேட்டில் ‘ஆஃப்செட்’ என்று இருக்கும். உயரத்தில் 10 சதவீதம் என்றால், கூரையில் தலைகீழாக மாட்டும்போது படத்தின் மேல்விளிம்பு லென்ஸுக்கு 12.5 செ.மீ. கீழே தொடங்கும். கருவியை மாட்டும் கம்பியின் நீளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள். சாய்த்து மாட்டிவிட்டு, கோணலான படத்தைக் கருவிக்குள்ளேயே திருத்தும் ‘கீஸ்டோன்’ வசதியில் நேராக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. பிக்சல்கள் வீணாகி, எழுத்துகளின் கூர்மை போய்விடும்.

கேள்வி: ஒரு பெட்டியில் 9,000 லுமென் என்றும், அதைவிட விலை கூடிய இன்னொன்றில் 2,000 ஆன்சி லுமென் என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டாவதை. லுமென் என்பது கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு. ஆன்சி (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) அளவு என்பது திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுப்பது. வெறும் ‘லுமென்’ என்று போட்டிருந்தால் எப்படி அளந்தார்கள் என்பதே தெரியாது.

2,000 போதுமா? 100 அங்குலத் திரையின் பரப்பு 2.75 சதுர மீட்டர். இருட்டறையில் திரையரங்கு அளவு வெளிச்சத்துக்கு, அதாவது சுமார் 55 நிட்ஸுக்கு (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு), சாதாரண வெள்ளைத் திரையில் விழ வேண்டியது 475 லுமென்தான். ஆனால் நிறம் சரியாக வரும் ‘சினிமா’ மோடுக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெளிச்சம் குறைவது வழக்கம். விளக்கின் ஆயுள் என்று சொல்லும் மணிக்கணக்கும், வெளிச்சம் பாதியாகக் குறையும் வரை உள்ள காலத்தைத்தான் குறிக்கிறது. 2,000 என்பது 1,200 ஆகி, கடைசியில் 600-க்கு வரும். அப்போதும் போதும்.

அறை விளக்கைப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்காக இன்னும் அதிக லுமென் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. கருவியை அணைத்தால் திரை என்ன நிறத்தில் தெரிகிறதோ, படத்தின் கருப்பும் அதைவிட இருளாது. எனவே பணத்தை முதலில் தடித்த திரைச்சீலையிலும், கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்டிலும் போடுங்கள். வெள்ளைக் கூரை திரையின் ஒளியையே திருப்பி அனுப்பிக் கருப்பைச் சாம்பலாக்கிவிடும்.

கேள்வி: 4கே அவசியமா?

பதில்: 100 அங்குலத் திரையில் 1080பி படத்தின் (அகலத்தில் 1,920 பிக்சல்; 4கேயில் அதன் இரு மடங்கு) ஒரு பிக்சல் 1.15 மி.மீ. நல்ல கண் 3 மீட்டரில் 0.9 மி.மீ. வரை பிரித்தறியும்; அங்கே 4கேயின் வித்தியாசம் தெரியும். 4 மீட்டர் தள்ளிப் போனால் தெரியாது. ‘4கே சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். ‘நேட்டிவ்’ ரெசல்யூஷன், அதாவது கருவியின் சில்லிலேயே உள்ள பிக்சல் எண்ணிக்கை, எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: டிஎல்பி புரொஜெக்டரில் வெள்ளை எழுத்து ஓடும்போது என் கண்ணுக்குச் சிவப்பு, பச்சைக் கீற்றுகள் தெரிகின்றன. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. ஒற்றைச் சில்லு டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை வீசும் வகை), நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வீசுகிறது. கண் நகரும்போது அவை பிரிந்து தெரியும். சிலருக்கு மட்டும் அதிகம் தெரியும். பழகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். நிறத்துக்கு ஒன்றாக மூன்று சில்லுகள் கொண்ட 3எல்சிடி, எல்காஸ் வகைப் புரொஜெக்டர்களில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வருவதால் இது இல்லை. எந்தக் கருவியானாலும் வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 12 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் போட்டோம். 4கே படத்தில் புள்ளிகள் மினுங்குகின்றன; இடையிடையே திரை கருப்பாகிறது.

பதில்: பிளேயரை 1080பிக்கு மாற்றிப் பாருங்கள். படம் நிலைத்து நின்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். 4கே, 60 ஹெர்ட்ஸுக்குத் தேவையான 18 கிகாபிட் வேகத்தை 12 மீட்டர் செம்புக் கம்பி தாங்குவது கடினம். ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள். அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்ற முனை பிளேயருக்கு, ‘டிஸ்ப்ளே’ என்ற முனை புரொஜெக்டருக்கு. மாற்றிச் செருகினால் படமே வராது. கூர்மையாக மடக்கவும் கூடாது. சுவருக்குள் பைப் பதிப்பதானால், செருகியின் தலை தடையின்றி நுழையும் அகலத்தில் பதியுங்கள். கேபிளை உள்ளே இழுக்கும் முன் தரையில் விரித்து இணைத்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள்.