சுழலும் சிறைச்சாலை உண்மையிலேயே இருந்ததா? அது எப்படி இயங்கியது?

இருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மாண்ட்கோமரி கவுண்டிக்காக (மாவட்டம் போன்ற பிரிவு) கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில் 1882-இல் கட்டிய சிறைதான் முதலாவது. இந்த அமைப்புக்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர்கள் வில்லியம் பிரவுனும் பெஞ்சமின் ஹாஃபும். கைதியை நெருங்காமலே காவலர் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே நோக்கம்.

முன்பக்கம் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், குடும்பத்தோடு வசிக்கும் வீடு, பின்னால் சிறை. உள்ளே இரண்டு அடுக்கு இரும்பு உருளை. அடுக்குக்கு எட்டு அறைகள், ஒவ்வொன்றும் பீட்சா துண்டு போல நடுவை நோக்கிக் குறுகும். அறைக்குத் தனிக் கதவு கிடையாது. உருளையைச் சுற்றி அசையாத கம்பிக்கூண்டு; அதில் தளத்துக்கு ஒரே வாசல். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரங்கள் மொத்த உருளையையும் திருப்பும். வேண்டிய அறை வாசலுக்கு நேராக வந்ததும் நிறுத்துவார்கள். கழிப்பறைக் குழாய்களை நடு அச்சிலேயே இறக்கியிருந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய வசதி, சுழற்சியைவிட இதைத்தான் நான் மெச்சுவேன்.

கோளாறும் அந்தச் சுழற்சியில்தான். திரும்பும்போது கம்பிக்கு வெளியே நீட்டிய கையோ காலோ நசுங்கும். தீப்பிடித்தால் அறைகளை ஒவ்வொன்றாகத்தான் வாசலுக்குத் திருப்ப முடியும். சக்கரம் சிக்கினால் அதுவும் இல்லை. அதனால் பின்னாளில் உருளையை அசையாமல் நிறுத்திவிட்டு, 1973 வரை சாதாரணச் சிறையாக நடத்தினார்கள். இப்போது அருங்காட்சியகம், உருளை மறுபடி சுழல்கிறது. அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸில் 1885-இல் எழுந்த மூன்றடுக்குச் சிறையும் நிற்கிறது, ஆனால் திரும்பாது.