ஃப்ரீ செய்த பிறகு பாயிண்டரை நல் ஆக்க வேண்டுமா?

சி, சி++ நிரல்களில் மெமரியை விடுவித்த (ஃப்ரீ செய்த) கையோடு, அதன் முகவரியை வைத்திருக்கும் வேரியபிளான பாயிண்டருக்கு நல் (எந்த முகவரியும் இல்லை என்ற மதிப்பு) கொடுப்பது அவசியமா, வெட்டி வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாயிண்டர் அதற்கு அப்புறமும் புழக்கத்தில் இருக்கும் என்றால் கட்டாயம் கொடுங்கள். ஸ்ட்ரக்ட் ஃபீல்டு, குளோபல் வேரியபிள் எல்லாம் இந்த வகை. ஃபங்ஷனின் கடைசி வரியில் ஃப்ரீ செய்யும் லோக்கல் வேரியபிளுக்குத் தேவையில்லை. ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலரே அந்த வரியைத் தூக்கிவிடும்.

ஃப்ரீ(பி) என்று அழைக்கும்போது உள்ளே போவது முகவரியின் நகல்தான். அதனால் உங்கள் பி-யை அது மாற்றவே முடியாது. பழைய முகவரி அப்படியே நிற்கும். அதை வைத்துப் படித்தால் உடனே கிராஷ் ஆகாது என்பதுதான் பெரிய ஆபத்து. 64 பிட் லினக்ஸில் மெமரியைப் பங்கிடும் சி லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) இப்போதைய பதிப்பு, விடுவித்த சின்ன பிளாக்கின் முதல் 16 பைட்டில் பெரும்பாலும் தன் கணக்கை எழுதிக்கொள்ளும். மீதி டேட்டா கலையாமல் கிடக்கும். டீபக்கரில் ஒரு ஸ்ட்ரக்ட்டின் ஆரம்ப ஃபீல்டுகள் மட்டும் குப்பையாகவும் மற்றவை சரியாகவும் தெரிந்தால், விடுவித்த மெமரியைப் படிக்கிறோமோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அடுத்து அதே அளவில் மால்லாக் (மெமரி வாங்கும் ஃபங்ஷன்) மூலம் கேட்டால் அநேகமாக அதே இடம்தான் கிடைக்கும். அப்புறம் நீங்கள் பழைய பாயிண்டர் வழியாக எழுதுவது வேறொருவருடைய டேட்டாவின் மேல்.

நல் ஆக்கியிருந்தால் தொட்ட இடத்திலேயே நிரல் விழும், தவறு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டாம் முறை ஃப்ரீ செய்தாலும் பாதகமில்லை. நல் பாயிண்டரைக் கொடுத்தால் ஃப்ரீ ஒன்றும் செய்யாது என்று சி தரநிலையே சொல்கிறது.

டெல்ஃபி மொழியின் ஃப்ரீஅண்ட்நில் (FreeAndNil) இதையே ஒரே அழைப்பில் செய்கிறது. அது முதலில் வேரியபிளை நில் (அந்த மொழியில் நல்லின் பெயர்) ஆக்கிவிட்டு, அதன் பிறகே ஆப்ஜெக்டை விடுவிக்கிறது. ஆப்ஜெக்டை அழிக்கும் டெஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் நிரலின் வேறு பகுதி அந்த வேரியபிளைப் பார்த்தாலும், பாதி அழிந்த ஆப்ஜெக்ட் கையில் சிக்காது.

ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதே முகவரி ஒரு லிஸ்ட்டிலும் ஒரு கால்பேக்கிலும் (பிறகு அழைக்கப் பதிந்து வைத்த ஃபங்ஷன்) இருந்தால், பி-யை நல் ஆக்குவதால் அவை மாறாது. எந்த ஆப்ஜெக்டை யார் விடுவிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சி++ என்றால், தானே மெமரியை விடுவிக்கும் யூனிக் பாயிண்டரிடம் (unique_ptr) அந்தப் பொறுப்பை விட்டுவிடுங்கள். பழைய சி நிரலாக இருந்தால் டெஸ்ட் பில்டை, மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரோடு (AddressSanitizer) ஓட்டுங்கள். வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் அந்த மெமரியை எங்கே வாங்கினீர்கள், எங்கே விடுவித்தீர்கள், எங்கே மறுபடி தொட்டீர்கள் என்று மூன்றையும் வரி எண்ணோடு காட்டிவிடும்.