மோரிஸ் மைனர் இடது லைட் மங்கல்: பல்பை விடுங்க, எர்த்தைப் பாருங்க

பல்பும் மாத்த வேணாம், பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவையும் கழட்ட வேணாம். உங்க பழைய மோரிஸ் மைனர் கார்ல இடது ஹெட்லைட் மட்டும் மஞ்சளா மங்குது, சிக்னல் போட்டா கூடவே துடிக்குதுன்னு சொல்றீங்க. அந்தப் பக்கத்து எர்த், அதாவது லைட்லருந்து கரண்ட் பாடிக்குத் திரும்புற இணைப்பு, சரியில்ல. டைனமோ கோளாறுன்னா ரெண்டு லைட்டும் சேர்ந்து மங்கும்.

பினாங்கு தஞ்சோங் பூங்காவுல கடலோரமா காடி நிக்குது, உப்புக் காத்து சும்மா விடுமா? கிரில்லுக்குப் பின்னாடி கறுப்பு ரப்பர் உறைக்குள்ள சொருகியிருக்கிற வயர் முனைகளை இழுத்துப் பாருங்க. பச்சையா பூத்திருக்கும்.

உறுதி பண்ண:

1. லைட்டைப் போட்டுட்டு, மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. ஒரு முனை லைட் சாக்கெட்ல கறுப்பு எர்த் வயர் சேர்ற இடத்துல, இன்னொன்னு பேட்டரியோட எர்த் முனையில. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லாருக்கு. 1 வோல்ட் தாண்டினா ஆள் மாட்டிக்கிச்சு.

2. அந்தக் கறுப்பு வயர்லருந்து தனி வயர் ஒன்னை பாடியில பெயின்ட் இல்லாத இடத்துல தொடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா, அங்கயே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு புது எர்த் முடுக்கிடுங்க, மேல கொஞ்சம் கிரீஸ்.

எர்த் சரியா இருந்தும் மங்கினா, லோ பீமுக்குப் போற நீலம்-சிவப்பு வயரைத் தொடர்ந்து போங்க. ஹைபீம் நீலம்-வெள்ளை.

ஒன்னு கவனிங்க: மைனர்ல பாசிட்டிவ் எர்த். யாரும் மாத்தியிருக்கலைன்னா பாடிக்குப் போறது பிளஸ் முனைதான். மீட்டர்ல மைனஸ் குறி வந்தா பயப்படாதீங்க.

கடைக்காரர் 100 வாட் பல்பு நீட்டினா வாங்காதீங்க. ஒரிஜினல் வயரிங்ல ஹெட்லைட்டுக்கு ரிலேயும் (சுவிட்சுக்குப் பதிலா பெரிய கரண்ட்டைத் தாங்குற பாகம்) கிடையாது, ஃபியூஸும் கிடையாது. மொத்த கரண்ட்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாத்தான் போகுது, அது கருகிடும்.